சூனியம் என்னுஞ் சொல்லும் திருவெண்ணெய்நல்லூர் விடையும்

ஆங்கில மொழியில் 'வாய்ட்' என்றொரு சிறு சொல் உளது. வெறுமை என்பது அதன் பொதுப்பொருள். இலத்தீன் மொழியில் வேர்கொண்டு, பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்திற் புகுந்த அச்சொல்லுக்கு இன்று வழங்கும் பொருள்கள் பல. நீதிமன்றத்தார் செல்லாத ஆவணத்தை அதனாற் குறிப்பர். வானநூலார் விண்மீன் கூட்டங்கள் அருகிக் கிடக்கும் பெரும்பரப்புக்களுக்கு அதனையே பெயராக இட்டனர். கட்டடநூலார் சுவர்க்கும் சுவர்க்கும் இடையே விடப்பட்ட இடத்தை அவ்வாறு கூறுவர். உற்றாரை இழந்தவர் தம் நெஞ்சில் உண்டான குறையையும் அச்சொல்லாலேயே உரைப்பர். 1611ஆம் ஆண்டில் வெளியான ஆங்கில விவிலியம், படைப்பின் தொடக்கத்தில் நிலவுலகம் கிடந்த நிலையைக் கூறுமிடத்து அதனையே ஆளுகின்றது. 'விலக்குதல்' என்னும் பொருளில் வழங்கும் 'அவாய்ட்' என்பதும் அதன் கிளையே.

இச்சொல்லை ஈண்டு எடுத்துக்கொண்டது ஆங்கிலச் சொல்லாராய்ச்சி செய்தற்கன்று. ஹாய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் செய்த சிவஞானபோத மொழிபெயர்ப்பு 1854ஆம் ஆண்டில் அச்சாயிற்று. 1895ஆம் ஆண்டில் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் தம் மொழிபெயர்ப்பை வெளியிட்டார்கள். நம் சாத்திரங்களை ஆங்கிலவழியாகப் பயில்வார்க்கு அதுமுதல் வாயில் அகலத் திறந்தது. அது நன்றே. ஆயினும், அங்ஙனம் பயில்வார் சூனியம், பாழ், வெளி, இன்மை என்னும் நான்கனையும் ஒரு சொல்லுள் அடக்கி நினைத்துவிடுதல் எளிது. ஆங்கிலம் அறியாதாரும் இப்பிழைக்கு முற்றும் விலக்கானவர் அல்லர்.

அங்ஙனம் நினைப்பின் விளையும் மயக்கம் மூன்று. சான்றோர் வெளி என்று கூறிய இறைவன் ஒன்றுமில்லாதவன் ஆவான் என்பது ஒன்று. முத்தி என்பது உயிர் அழிந்தொழிதலே என்பது மற்றொன்று. திருவுருவம் காணப்படாத கோயில் கைவிடத்தக்க பாழிடமே என்பது மூன்றாவது. முதலிரண்டும் கொள்கையைக் கெடுக்கும். மூன்றாவது நம் முன்னோர் வைத்துச்சென்ற செல்வத்தைக் கெடுக்கும்.

இம்மயக்கங்களுக்கு விடை காணத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தினின்று 1993ஆம் ஆண்டு பிரிக்கப்பட்டது விழுப்புரம் மாவட்டம். அதன்கண், வடக்கே திண்டிவனம் முதல் தெற்கே திருவெண்ணெய்நல்லூர் வரையிலுள்ள நிலப்பரப்பில், வெறுமை என்பதன் பல பொருள்களும் வரலாற்று நிகழ்ச்சிகளாகவே காணக்கிடக்கின்றன. அவற்றைக் கால முறையில் ஒருவாறு காண்போம்.

சொற்களின் எல்லை

தமிழில் வெறுமை குறித்த சொற்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய எல்லையில் நிற்பன. 'இன்மை' என்பது ஒரு பொருள் ஓரிடத்து இல்லாதிருத்தல்; வறுமைக்கும் அதுவே பெயர். 'பாழ்' என்பது முன்னர்ப் பயன்பட்டது பின்னர்ப் பயனிழந்து கிடத்தல். பாழ்வீடு, பாழ்ங்கிணறு என்னும் வழக்குக்களை நோக்குக. என்றும் நீர் காணாத பாறையைப் பாழ்ங்கிணறு என்பார் ஒருவரும் இலர். 'புழை', 'பொள்ளல்' என்பன துளையைக் குறிப்பன. 'குடைவு' என்பது வேண்டுமென்றே செய்யப்பட்ட உட்கூடு. 'காலி' என்பது அரபு மொழியினின்று வந்து வீட்டுக்கும் பாத்திரத்துக்கும் வேலைக்கும் பொதுவாய் நம் பேச்சில் வழங்குவது. 'வெளி' என்பதோ இவற்றுள் எதனோடும் சேராது. அது குறையை உணர்த்துஞ் சொல் அன்று. தடையின்மையையும் இடங்கொடுக்குந் தன்மையையும் உணர்த்துவது.

'சூனியம்' வடசொல். வீங்குதல் என்னும் பொருளுடைய வேரினின்று அது பிறந்தது என்பர் மொழிநூலார். புறத்தே பருத்துக் காட்டுவது அகத்தே பொள்ளலாயிருத்தல் கூடும் என்னுங் கருத்தால் அப்பொருள் திரிந்தது போலும். கணிதர் அதனை இலக்கமாகக் கொண்டனர். அரபியர் அதனைத் தம் மொழியில் 'சிஃபர்' என்று பெயர்த்துக்கொண்டனர். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'சைஃபர்', 'சீரோ' என்னும் இரண்டும் அதன் வழிவந்தனவே. நம் பரிபாடல் எண்களை நிரல்படக் கூறுமிடத்துப் பாழ் என்பதனையே முதற்கண் வைக்கின்றது. பழந்தமிழ் எண்குறிகளில் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு. ஆதலின் பாழுக்குத் தனிக்குறி வேண்டாதாயிற்று. பிற்காலத்து வழங்கிய 'பூச்சியம்' என்னும் பெயரோ, வழிபடத்தக்கது என்னும் பொருளுடைய வடசொல்லோடு ஒத்த வடிவினது. தனித்து நின்றால் ஒன்றுமில்லாத அக்குறி, ஒன்றன் வலப்பால் நின்று அதனைப் பத்தாக்குதல் யாவரும் அறிந்ததே.

இனித் திண்டிவனத்துக்கு வருவோம். திந்திரிணி வனம், அஃதாவது புளியங்காடு, என்பதே திண்டிவனம் என மருவியது என்பர். அந்நகரினுள் இன்று அடங்கிக்கிடக்கும் கிடங்கில் என்னும் பகுதி அதனினும் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரியதாக இருந்தது அது. 'கிடங்கு' என்னுஞ் சொல்லுக்கு அகழி, பள்ளம் என்பன பழம்பொருள். பண்டங்களைச் சேமித்து வைக்கும் இடம் என்பது இக்காலப் பொருள். இரண்டும் வெறுமையையே அடியாகக் கொண்டன. அகழி என்பது மண்ணை அகழ்ந்தெடுத்த பள்ளமே. ஆயினும் பகைவரைத் தடுத்து ஊரைக் காப்பது அப்பள்ளம். பண்டசாலைக்கு வேண்டுவதும் நாற்புறச் சுவர்களுக்கு நடுவேயுள்ள வெற்றிடமே. நெல் நிறைவது அதனுள்ளன்றிச் சுவரினுள் அன்று. ஆகவே, வெறுமை என்றவுடன் பயனின்மை என்று கொள்ளுதல் தமிழ் வழக்குக்கு ஒவ்வாது என்பது இவ்வோர் ஊர்ப்பெயராலேயே புலனாம்.

மண்டகப்பட்டுக் குடைவு

விழுப்புரத்தினின்று செஞ்சிக்குச் செல்லும் வழியில் உள்ளது மண்டகப்பட்டு. ஆங்குள்ள பாறையில் ஒரு குடைவரைக் கோயில் உண்டு. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆட்சிபுரிந்த முதலாம் மகேந்திரவர்மன் எடுப்பித்தது அது. ஆங்குப் பொறிக்கப்பட்டுள்ள வடமொழிக் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி அயன், ஈசன், அரி என்னும் மூவர்க்கும் விசித்திரசித்தன் என்னும் மன்னன் இதனை ஆக்குவித்தான் என்றும், இதற்கு இலக்ஷிதாயதனம் என்று பெயர் என்றும் அறிவிக்கின்றது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனுடைய விருதுப்பெயர்களுள் ஒன்று.

அக்கல்வெட்டின் போக்கு ஊன்றி நோக்கத்தக்கது. இன்னின்னவற்றால் ஆக்கினேன் என்று அரசன் கூறவில்லை. இன்னின்னவை இல்லாமல் ஆக்கினேன் என்கின்றான். அவனுக்கு முன்னிருந்த கோயில்கள் பெரும்பாலும் மரத்தாலும் செங்கல்லாலும் எழுந்தவை. அவை வெயிலாலும் மழையாலும் கரையானாலும் அழிந்தன. அழியத்தக்க நான்கனையும் விலக்கியதையே அவன் பெருமையாகக் கொண்டான். கட்டடக் கோயில் பொருள்மேற் பொருள் சேர்த்து எழுப்பப்படுவது. குடைவரையோ, இருந்த கல்லைக் கொஞ்சங் கொஞ்சமாக நீக்கிச் சமைக்கப்படுவது. சிற்பி கொண்டுவந்து வைத்தது யாதும் இல்லை, எடுத்தெறிந்ததே கோயிலாயிற்று. அங்கே தூண்கள் மேலுங் கீழுஞ் சதுரமாயும் நடுவே எட்டுப்பட்டையாயும் நிற்கின்றன. முகப்பின் இருபுறத்தும் வாயிற்காவலர் நிற்கின்றனர். உள்ளே பின்சுவரில் ஆழமில்லாத மூன்று அறைகள் உள. அம்மூன்று அறைகளிலும் இன்று திருவுருவம் இல்லை.

யாம் ஒருமுறை ஆங்குச் சென்றபோது உடன்வந்த இளைஞர் ஒருவர் மூன்று அறைகளையும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, உள்ளே ஒன்றுமில்லையே! இதனைக் காணவா இவ்வளவு வெயிலில் வந்தோம்?" என்றார். அவர் பழித்துக் கூறினாரல்லர். மனத்திற் பட்டதைக் கூறினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அவ்வறைகளில் சுதையாலோ மரத்தாலோ செய்த உருவங்கள் இருந்திருத்தல் கூடும், அல்லது சுவரில் வண்ணத்தால் தீட்டியிருத்தல் கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். அஃதுண்மையாயின், கோயில் எவற்றை விலக்கி எழுந்ததோ அவை போன்ற அழியும் பொருளால் ஆன உருவம் அழிந்தது. அழியாப் பொருளாகிய கல் நின்றது என்க. அருகிலுள்ள தளவானூரில் அம்மன்னன் சத்துருமல்லன் என்னும் தன் விருதுப்பெயரால் குடைவித்த சத்துருமல்லேசுவரத்தில் இலிங்கம் உளது. திண்டிவனத்தைச் சார்ந்த கீழ்மாவிலங்கையிலுள்ள சிறு குடைவில் திருமாலின் நின்ற திருக்கோலம் பாறையிலேயே புடைத்தெழச் செதுக்கப்பட்டுளது. அது பாறையோடு ஒன்றாதலின் இன்றும் நிற்கின்றது. இவற்றோடு ஒப்பிட்டு நோக்கினால், மண்டகப்பட்டின் வெறுமை பொருளில்லாத வெறுமையன்று என்பதும், ஒரு வரலாற்றை உட்கொண்ட வெறுமை என்பதும் விளங்கும். இளைஞர் 'ஒன்றுமில்லை' என்றது உருவத்தை நோக்கி. அவர் நின்று பேசிய நிழலும் இடமும் அவ்வரசனும் சிற்பியரும் செய்தளித்தவையே.

அருட்டுறையில் ஓர் ஆவணம்

அடுத்து, தென்பெண்ணையாற்றின் தென்பாலுள்ள திருவெண்ணெய்நல்லூர்க்குச் செல்வோம். ஆங்கிலச் சொல்லின் சட்டப்பொருள் ஈண்டு வந்து பொருந்துகின்றது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், சட்டத்தால் நிறைவேற்றப்பெறாத உடன்பாட்டைச் செல்லாதது என்றும், ஒரு சாரார் விருப்பத்தால் மட்டும் தள்ளத்தக்கதைச் செல்லாததாக்கத்தக்கது என்றும் இருவேறு பிரித்துக் கூறும். முன்னது தோன்றும்போதே உயிரற்றது. பின்னது தள்ளப்படுங்காறும் உயிருடையது. ஓலை கையில் இருப்பதனால் மட்டும் ஒப்பந்தம் உண்டாகிவிடாது. ஓலை கிழிந்ததனால் மட்டும் அஃது இல்லாமற் போய்விடாது.

நம்பியாரூரர் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் கூறுமுறையில் இந்நுட்பம் முழுதும் அடங்கியுளது. திருநாவலூரிற் பிறந்து நரசிங்கமுனையரையரால் வளர்க்கப்பட்ட நம்பிகளின் திருமணம் புத்தூரில் நிகழ இருந்தது. அப்பொழுது முதிய அந்தணர் ஒருவர் வந்து, இவன் எனக்கு வழிவழி அடிமை என்று வழக்கிட்டார். அந்தணன் வேறோர் அந்தணனுக்கு அடிமையாதல் உலகில் இல்லை என்பது நம்பிகள் எடுத்துக்கூறிய மறுப்பு. இக்காலத்தார் மொழியிற் கூறின், அவ்வாவணம் தொடக்கமுதலே செல்லாதது என்றார். என்றதோடு அமையாது, முதியவர் காட்டிய ஓலையைப் பற்றிக் கிழித்தும் எறிந்தார். கிழிந்தது படியோலை. மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் உள்ளது என்றார் முதியவர்.

வெண்ணெய்நல்லூர் அவையத்தார் கண்மூடி ஒருபக்கஞ் சாய்ந்தாரல்லர். இத்தகைய வழக்கு உலகில் இல்லையே என்று அவர்களும் முதலில் ஐயுற்றார்கள். வழக்கத்தாலோ எழுத்தாலோ கண்டார் சான்றாலோ மெய்ப்பிக்கவேண்டும் என்றார்கள். மூலவோலை வந்தபின், நம்பிகளின் பாட்டனார் கையெழுத்தோடு அதனை ஒப்புநோக்கினார்கள். ஒத்தது கண்டு, அடிமை மெய்யே என்று தீர்ப்புக் கூறினார்கள். ஓலை பாழாயிற்று, அடிமை பாழாகவில்லை. இறைவனுக்கும் உயிர்க்கும் உள்ள ஆண்டான் அடிமை இயைபு ஒருநாளிற் றோன்றியதன்று. ஆதலின் ஒருநாளிற் கிழித்தெறியப்படுவதும் அன்று. சித்தாந்தம் அநாதி என்று கூறுவதனை அந்நிகழ்ச்சி கண்கூடாகக் காட்டிற்று.

அதன்பின் நிகழ்ந்தது இன்னும் பெரிது. உம் வீடு எங்கே என்று வினவினார்க்கு முதியவர் விடைகூறாது திருவருட்டுறைக் கோயிலினுட் புகுந்தார், புகுந்தவரைக் காணவில்லை. உடன்சென்றார் திகைத்து நின்றனர். அவர்கள் கண்டது வெற்றிடம். நம்பிகளுக்கோ அவ்விடத்திலேயே உமையொருபாகனாக விடைமேல் இறைவன் தோன்றித் தன்னைப் பாடுமாறு பணித்தருளினான். இடம் ஒன்றே; காலமும் ஒன்றே. ஒருசாரார்க்கு இல்லாதிருந்தது ஒருவர்க்கு நிறைந்து விளங்கிற்று.

மெய்கண்டார் காட்டிய வழி

அத்திருவெண்ணெய்நல்லூரிலேயே கி.பி. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் எழுந்தருளியிருந்தார். பெண்ணாகடத்திற் பிறந்து, இளமையில் இவ்வூர் வந்து, பரஞ்சோதி முனிவரால் உபதேசம் பெற்று, பொல்லாப் பிள்ளையார் திருமுன் நிட்டைகூடியிருந்தவர். அப்பிள்ளையார் திருப்பெயர்க்கு, உளியால் பொள்ளப்படாதவர், அஃதாவது தாமே தோன்றியவர், என்று அறிஞர் பொருள் கூறுவர். மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களே உடையது. அவற்றுள் மூன்றாவதும் ஏழாவதும் பன்னிரண்டாவதும் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு நேரே விடை தருகின்றன.

மூன்றாஞ் சூத்திரம் உயிர் உண்டு என்பதனை நிறுவ வந்தது. உடம்போ உயிர் என்று ஆராய்ந்தால், அன்று எனப்படும். ஐம்பொறிகளோ என்றால், அவையும் அல்ல. மூச்சோ என்றால், அதுவும் அன்று. இங்ஙனம் அன்று அன்று என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால் இறுதியில் எஞ்சுவது யாதுமில்லை. ஆதலின் உயிர் என்பது சூனியம் என்பாரும் உளர். மெய்கண்டார் அவரை மறுக்கத் தொலைவிலிருந்து சான்று தேடினாரல்லர். அவர் கூற்றையே சான்றாகக் கொண்டார். இல்லை இல்லை என்று அறிந்து கூறி நிற்பதொன்று உண்டன்றோ? அதுவே உயிர் என்றார். மண்டகப்பட்டுச் சிற்பி பாறையை எவ்வளவுதான் நீக்கினும் தன்னை நீக்கிவிடுதல் இயலாது. வெற்றிடம் கண்டேன் என்பவன் வெற்றிடமாதல் ஒருகாலும் இல்லை.

ஏழாஞ் சூத்திரத்திற் சூனியம் என்னுஞ் சொல்லையே மெய்கண்டார் ஆளுகின்றார். சத்தாகிய சிவத்தின் எதிரே அசத்தாகிய உலகனைத்தும் சூனியம் என்பது அதன் கருத்து. இதனை ஆங்கிலச் சொல்லின் வழியே படிப்பவர் உலகம் வெறும் பொய் என்று சித்தாந்தமும் கூறிற்று என்று மயங்குவர். அம்மயக்கம் வாராமற் காத்தவரும் மெய்கண்டாரே. சத்தினிடத்து அசத்து விளங்காது என்பதே அதன் பொருள் எனத் தம் உரைநடையில் தாமே விளக்கினார். ஞாயிற்றின் முன் இருளை உவமையுங் காட்டினார். விளங்காமை வேறு, இல்லாமை வேறு. சிவத்துக்கு அசத்தை அறியவேண்டுவதில்லை. அசத்துக்கு அறிவே இல்லை. இரண்டனையும் சார்ந்து அறிவது உயிர் ஒன்றே. ஆகவே வெறுமையென்றும் நிறைவென்றும் காண்பதும் உயிர்க்கே உரிய நிலையாயிற்று.

ஈண்டு ஒன்று கூறுதல் நேர்மை. சூனியவாதத்தை நூலாக வகுத்த நாகார்ச்சுனர், ஒன்றுமே இல்லை என்று கூறினாரல்லர், எப்பொருளுக்கும் பிறிதொன்றனைச் சாராத தனித்தன்மை இல்லை என்றே கூறினார் என்று இக்கால அறிஞர் பலர் எடுத்துக்காட்டுவர். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்துட் பதினான்கு சமயங்களை ஆராய்ந்து மறுத்தபோது, பௌத்தருள் மாத்தியமிகரையும் தனியே எடுத்துக்கொண்டு அவர் கூற்றை முதலிற் கூறிப் பின்னரே மறுத்தார். எதிரியின் சொல்லை அவன் கருதிய பொருளிலேயே கொண்டு ஆராய்தல் நம் ஆசிரியர் மரபு. அம்மரபுடைய நாம் நம் சொல்லையே பிறர் சொல்லின் பொருளாற் குலைத்துக்கொள்ளுதல் தகுமோ?

இன்மை நான்கு

அளவைநூலார் இன்மையை நான்காகப் பகுப்பர். குடம் செய்யப்படுமுன் மண்ணில் இல்லாமை முன்னின்மை. உடைந்தபின் ஓட்டில் இல்லாமை அழிவுபாட்டின்மை. குடம் ஆடையன்று, ஆடை குடமன்று என்றல் ஒன்றினொன்றின்மை. முயற்கொம்பு போல எக்காலத்தும் இல்லாமை என்றுமின்மை. நான்கனுள் எதனைக் கூறினும், இல்லாதது எது, எவ்விடத்து இல்லை என்னும் இரண்டனையும் சுட்டாமற் கூறுதல் இயலாது. எல்லாச் சார்பும் அற்ற வெறும் இன்மை என்றொன்று நம் அளவைநூலில் இல்லை. இன்மையை அறிதற்கு அபாவம் என்று தனியளவை வேண்டும் என்பார் கொள்கையைச் சித்தாந்திகள் தழுவாது, காண்டல் கருதல் உரை என்னும் மூன்றனுள்ளே அதனையும் அடக்கியதும் இங்குக் கருதத்தக்கது.

இப்பகுப்பைக் கொண்டு மேற்கூறியவற்றை நோக்குக. மண்டகப்பட்டில் உருவமின்மை, ஆராய்ச்சியாளர் கருத்துப்படி, அழிவுபாட்டின்மை. நம்பிகள் அவ்வாவணத்தை என்றுமின்மை என்று வாதிட்டார். கிழிந்தபின் அழிவுபாட்டின்மை என்று எண்ணினார். இரண்டும் அன்று என அவையம் கண்டது. அன்று அன்று என்று உயிரை உடம்பினின்று பிரித்தறிவது ஒன்றினொன்றின்மை. அதனை என்றுமின்மையாகக் கொண்டதே சூனியவான்மவாதியின் பிழை. அருட்டுறையில் முதியவரைக் காணாமையோ இந்நான்கனுள் எதுவும் அன்று. அது காணாமையே, இன்மை அன்று.

இனி, தொடக்கத்திற் கூறிய மூன்று மயக்கங்களும் நீங்கும். இறைவனை வெளி என்றல் அவன் ஒன்றுமில்லாதவன் என்றதன்று. பூதமாகிய ஆகாயத்தையே, ஓசையைப் பண்பாகவும் இடங்கொடுத்தலைத் தொழிலாகவும் உடைய உள்பொருளாகக் கொள்ளும் சித்தாந்தம், அதனையுங் கடந்த ஞானவெளியை இல்பொருள் என்னுமோ? தில்லையில் இரகசியத் திரைக்கு அப்பால் உருவமில்லை. பொன்வில்வ மாலைகளே தொங்குகின்றன. அம்மாலைகள் அணிவார் இல்லாத இடத்தில் தொங்கவிடப்பட்டன அல்ல. அவ்வாறே, முத்தியில் உயிர் அழிவதில்லை. ஆணவமலம்தானும் அழிவதன்று, அதன் ஆற்றலே மடங்கும். அழிவன போலக் காணப்படுவன உயிரைப் பற்றியிருந்த தளைகளின் விளக்கமேயாம்.

மூன்றாவதாகிய கோயில் பற்றிய மயக்கத்துக்குப் பன்னிரண்டாஞ் சூத்திரம் விடை. அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்று அது முடிகின்றது. எங்கும் உள்ளவனை அவ்விடங்களில் மட்டும் தொழுவானேன் எனின், அவன் அவ்விடங்களில் விளங்கி நிற்கின்றான், பிறவிடங்களில் விளங்காது நிற்கின்றான் என்பர் மெய்கண்டார். அன்புடையார்க்குத் தயிரில் நெய்போல விளங்குவான். பாசமுடையார்க்கோ இல்லாதவனே ஆவான் என்பதும் அவர் காட்டிய உவமை. வெண்ணெயைப் பெயரில் உடைய ஊரில் வாழ்ந்தவர் வாக்கில் நெய் உவமையானது எத்துணைப் பொருத்தம்! பாலைப் பார்த்து நெய் இல்லை என்பான் பொய் சொல்வதில்லை. அவன் கண்டது அவ்வளவே. கடைந்தவன் கண்டது வேறு.

மண்டகப்பட்டுக் குடைவரை இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் காப்பில் உளது. துறையின் காவல் கல்லைக் காக்கும். அதனை மதிக்கும் மனத்தைக் காப்பது நம் கடன். உருவம் இல்லாத குடைவுகளிலும் சிதைந்த சிறு கோயில்களிலும் கரியாற் பெயர் எழுதுவாரும், நிழலுக்காக நுழைந்து குப்பை இட்டுச் செல்வாரும் தீய நெஞ்சினர் அல்லர். ஈண்டு ஒன்றுமில்லை என்று நம்பிவிட்டனர், அவ்வளவே. பாழ் என்ற சொல் முன்னே சென்றால் பாழாக்குங் கை பின்னே செல்லும். ஆகவேதான் சொல்லின் எல்லையைக் காத்தல் வெறும் புலமைப் பொழுதுபோக்கு ஆகாமல் திருப்பணியே ஆகின்றது.

உடன்வந்த இளைஞர்க்கு அன்று யாம் விடை ஏதுங் கூறவில்லை. திரும்பும் வழியில் திருவெண்ணெய்நல்லூர் சென்று அருட்டுறையிற் பணிந்து, மெய்கண்டதேவர் திருமுன் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். எழுந்து வருகையில் அவர், "ஐயா, ஒன்றுமில்லை என்று சொன்னவன் ஒருவன் அங்கே இருந்தானல்லவா?" என்று மெல்லக் கேட்டார். மூன்றாஞ் சூத்திரத்தை அவர் அதற்குமுன் ஓதியவர் அல்லர்.

அன்பர்கள் விழுப்புரம் பக்கம் செல்ல நேர்ந்தால் முதலில் மண்டகப்பட்டையும் பின்னர்த் திருவெண்ணெய்நல்லூரையும் கண்டு வருவார்களாக.

மெய்கண்டதேவர் திருவடி வாழ்க.